திரிகிறது, படிகிறது, தோலைத் தாண்ட மறுக்கிறது: மூலிகைச் சாற்றை நுண்பைகளில் ஏற்றுவோருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வல்லாரைக்கும் மஞ்சளுக்கும் பஞ்சமில்லை. வல்லாரையை மலாயில் பெகாகா என்று கேட்டால் காலைச் சந்தையில் கட்டுக் கட்டாகத் தருவார்கள். செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் அது தானாகவே படர்ந்தும் கிடக்கும். சாறு எடுக்கத் தெரிந்த கைகளும் ஏராளம். சிக்கல் அதற்கு அப்புறம்தான். எடுத்த சாற்றைத் தோலின் மேல் பூசுவது ஒன்று, அதிலுள்ள சத்தைத் தோலுக்குள் இறக்குவது வேறொன்று.

தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். செத்துத் தட்டையான செல்கள் அத்தாப்புக் கூரையின் ஓலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, இடையிலுள்ள சந்துகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் அடைத்திருக்கின்றன. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் உள்ளே நுழைவது கடினம் என்பது இந்தத் துறையில் எல்லாரும் கையாளும் தோராயக் கணக்கு. வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு 959 டால்டன். மஞ்சளின் குர்க்குமின் 368தான், ஆனால் தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. இந்த இரண்டு வகைத் தலைவலிக்கும் கைகொடுக்கும் என்று நம்பித்தான் நுண்பைகளைத் தேடிப் போகிறோம். லெசித்தின் போன்ற கொழுப்புகள் தண்ணீரில் தாமாகவே ஈரடுக்குப் படலமாகச் சுருண்டு, உள்ளே கொஞ்சம் நீரை வைத்து மூடிக்கொள்ளும் பொடிப் பைகள் இவை. 1960களில் இங்கிலாந்தின் அலெக் பேங்கம் விவரித்தது லிப்போசோம். 1990களில் கிரெகோர் செவ்க் வளைந்து நெளியக்கூடிய டிரான்ஸ்ஃபர்சோமைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் ஜெருசலேமில் எல்கா டூயிட்டூ எத்தனால் நிறைய சேர்த்த எத்தோசோமை உருவாக்கினார். லெசித்தினுக்குப் பதில் ஸ்பான் 60 மாதிரியான, சோப்புக் குணமுள்ள பரப்பு இயங்கிகளில் செய்வது நியோசோம்.

ஈப்போவிலும் கம்பாரிலும் படிக்கும் பிள்ளைகள் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது இறுதியாண்டுத் திட்டத்துக்கான பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டிலேயே கிரீம் தயாரித்துப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்க நினைப்பவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாமா, இது ஏன் இப்படித் திரிஞ்சு போச்சு?" அதனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் எத்தோசோமைப் பற்றியே பேசப் போகிறேன். குளோரோஃபார்மும், கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரும் இல்லாமல் எளிதாகச் செய்யக்கூடியது அது.

முதலில் மூன்று பாட்டில்

அடிப்படை அளவு இது. 100 கிராம் கலவைக்கு, ஃபாஸ்ஃபடிடைல்கோலின் (பையாகச் சுருளும் முக்கியக் கொழுப்பு) 90 விழுக்காடு உள்ள சோயா லெசித்தின் 2 அல்லது 3 கிராம், எத்தனால் 30 கிராம், உலர்த்திய சாற்றுப்பொடி அரை கிராம், மீதி காய்ச்சி வடித்த நீர். லெசித்தினையும் சாற்றையும் மூடிய பாத்திரத்தில் எத்தனாலில் கரைத்து, 30 டிகிரியில் வைத்து, அதே சூட்டிலுள்ள நீரை நூல் போல மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே காந்தக் கலக்கியில் வேகமாகக் கலக்க வேண்டும். நீர் முழுவதும் சேர்ந்த பிறகு இன்னும் 5 நிமிடம் கலக்கிவிட்டு ஆறவிட வேண்டும். 30 டிகிரி என்று கட்டுரைகளில் படித்துவிட்டு வெந்நீர்த் தொட்டி தேடுகிறவர்கள் உண்டு. நம் ஊரில் மதிய நேரத்தில் மேசைமேல் வைத்தாலே அந்தச் சூடு இருக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தொட்டி தேவை. எத்தனால் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் மட்டும் போகவே கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாயம் கலந்த மெத்திலேட்டட் ஸ்பிரிட் இதற்கு ஆகாது. அதில் மெத்தனால் இருக்கிறது, அதைத் தோலில் பூசக் கூடாது. கைச்சுத்திகரிப்பானை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதும் வேண்டாம். அதில் ஜெல் பொருளும் கிளிசரினும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு பாட்டில் செய்யும்போதே மூன்றாகச் செய்யுங்கள். முதலாவது, சாறு சேர்க்காத வெறும் நுண்பை. இரண்டாவது, லெசித்தின் இல்லாமல் சாறும் எத்தனாலும் நீரும் மட்டும். மூன்றாவதுதான் நீங்கள் செய்ய விரும்பிய முழுக் கலவை. கீழே வரும் ஏறக்குறைய எல்லாப் பிழைக்கும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். மூன்றாவது பாட்டிலை மட்டும் கொண்டுவந்து என்ன கோளாறு என்று கேட்டால் யாராலும் ஊகிக்கத்தான் முடியும்.

சரியாக வந்த வெறும் நுண்பைக் கலவை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர்ப் பால் மாதிரி மங்கலாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய நீல ஒளி தெரியும். சுண்ணாம்பு கரைத்தது போல் அடர்வெள்ளையாக இருந்தால் பைகள் பெரிதாகிவிட்டன என்று பொருள்.

லெசித்தின் எத்தனாலில் கரையவில்லை, அடியில் பழுப்புப் பிசின் ஒட்டுகிறது

பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றுதான். பேக்கரிப் பொருள் கடையில் வாங்கிய உணவுத்தர லெசித்தின் குருணை. எண்ணெய் நீக்கிய அந்தக் குருணையில் ஃபாஸ்ஃபடிடைல்கோலின் சுமார் கால்வாசிதான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி எத்தனாலில் சரியாகக் கரையாத வேறு பாஸ்போலிப்பிடுகள். ரொட்டி மாவுக்கு அது போதும், நுண்பைக்குப் போதாது.

செறிவூட்டிய லெசித்தின் வாங்கக் காசு இல்லை என்றால் ஒரு வழி உண்டு. குருணையை எத்தனாலில் போட்டு நன்றாகக் கலக்கி, ஓர் இரவு அப்படியே தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த மஞ்சள் திரவத்தை மட்டும் இறுத்தெடுங்கள். ஃபாஸ்ஃபடிடைல்கோலின் அதில்தான் அதிகமாக இருக்கும். அதிலிருந்து 10 மில்லிலிட்டரை எடைபோட்ட தட்டில் ஊற்றி உலர்த்தி மறுபடியும் எடைபோட்டால், எவ்வளவு லெசித்தின் கரைந்திருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். கை பழக இது போதும். திட்ட அறிக்கைக்கு இதைப் பயன்படுத்தினால் தேர்வாளர் தூய்மை எவ்வளவு என்று கேட்பார், பதில் இருக்காது.

லெசித்தின் நல்லதாகவே இருந்தும் கட்டிகட்டியாக ஒட்டினால் அது ஈரம் குடித்திருக்கிறது. மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்து வேலை பார்த்தால் இப்படி ஆகும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடனே திறக்காமல், அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த லெசித்தின் மேல்தான் படியும்.

நீர் ஊற்ற ஊற்றத் திரிந்து தயிர்போல் ஆகிறது

முதல் பாட்டிலைப் பாருங்கள். சாறே இல்லாத அதுவும் திரிந்திருந்தால் குற்றம் நீரிலோ ஊற்றிய விதத்திலோ இருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டினால் லெசித்தின் பைகளாகச் சுருள நேரமில்லாமல் கட்டியாகத் திரளும். ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி மெதுவாக விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது, கால்சியம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த பகுதிகளில் கிணற்று நீரிலும் ஊற்று நீரிலும் கால்சியம் கூடுதலாக இருக்கும். லெசித்தினில் எதிர்மின்னூட்டம் உள்ள பகுதிகளை அது இழுத்துப் பிடித்துப் பைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். குழாய் நீரைக் கொதிக்கவைத்து வடிகட்டிவிட்டேன் என்பது இதற்குப் பதில் ஆகாது. பார்மசியில் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள், அவ்வளவுதான்.

வெறும் நுண்பை அழகாக வந்து, சாறு சேர்த்தது மட்டும் திரிந்தால் சாற்றைச் சந்தேகியுங்கள். கொதிநீரில் எடுத்த சாற்றில் உப்புகளும் டானின்களும் நிறைய வரும். வல்லாரையில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. அதன் ஏசியாட்டிகோசைடும் மேடகாசோசைடும் சப்போனின்கள். சப்போனின் என்றால் சோப்புக் குணம் உள்ளது, கொழுப்புப் படலத்தைக் குலைக்கக்கூடியது. நாம் எதை உள்ளே ஏற்ற விரும்புகிறோமோ அதுவே பையைக் கிழிக்கிறது என்பது இந்த மூலிகையின் வேடிக்கை. சாற்றின் அளவைப் பாதியாகவும் காலாகவும் குறைத்துத் தொடர்ச்சியாகச் செய்து, எந்த அளவில் திரிவது நிற்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்குக் கீழேதான் உங்கள் வேலை நடக்க வேண்டும். நிறையச் சேர்த்தால் நிறையப் பலன் என்ற நினைப்பு இங்கே ஓடாது.

அன்றைக்கு நன்றாக இருந்தது, மறுநாள் அடியில் வண்டல்

வண்டல் என்றதும் பைகள் உடைந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் பைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடியில் படிந்தது பையில் ஏறவே ஏறாத சாறுதான்.

இரண்டாவது பாட்டிலை எடுங்கள். அதிலும் அதே நிறத்தில் வண்டல் இருந்தால், அந்த எத்தனால் அளவில் சாறு கரையவில்லை. மஞ்சள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூய எத்தனாலில் குர்க்குமின் பளிச்சென்று கரையும். நீர் சேர்ந்து எத்தனால் 30 விழுக்காட்டுக்கு இறங்கியதும் ஒட்ட இடமில்லாமல் மஞ்சள் தூளாக வெளியே விழும். லெசித்தின் படலத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் உள்ளே தங்கும். சாற்றைக் குறையுங்கள், அல்லது லெசித்தினைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பச்சை நிறத்தில் வழவழப்பான வண்டல் என்றால் பெரும்பாலும் இலையின் மெழுகும் பச்சையமும். எத்தனாலில் எடுத்த சாற்றில் இவை தாராளமாக வரும். நுண்பை செய்வதற்கு முன்பே எத்தனால் சாற்றை ஓர் இரவு பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, குளிராக இருக்கும்போதே வடிதாளில் வடித்துவிடுங்கள். மெழுகில் பெரும்பங்கு தாளிலேயே நின்றுவிடும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு ஸ்திரப்படுத்தும் பொருள் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கண்ணால் பிரித்தறிய முடியாவிட்டால் பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். 400 மடங்கில் ஒரு சொட்டை வைத்துப் பாருங்கள். ஊசி போலவோ தகடு போலவோ தெரிந்தால் படிகம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவமுனைவுத் தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவில் கண்ணாடித் துண்டை நுழைத்தால் இன்னும் தெளிவாகும். துருவமுனைவு வெயில் கண்ணாடியிலிருந்து எடுத்த தாளும் வேலை செய்யும். படிகங்கள் இருட்டில் மின்னும். பல அடுக்கு உள்ள பெரிய நுண்பைகள் நான்கு இதழ்ப் பூப் போல, நடுவில் கறுப்புச் சிலுவையோடு தெரியும். அந்தச் சிலுவையைப் பார்த்துவிட்டால் பைகள் இருக்கின்றன என்று நிம்மதியாகச் சொல்லலாம். அதே சமயம் அவை பெரிய பைகள் என்பதும் அதில் அடங்கும். நாம் விரும்பும் 100, 200 நானோமீட்டர்ப் பைகள் இந்த நுண்ணோக்கியில் தெரியாது.

நியோசோம் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. ஸ்பான் 60 சுமார் 50 டிகிரிக்குக் கீழே கெட்டியாக இருக்கும். நீர் சேர்க்கும்போது எல்லாமே 60 டிகிரியில் இல்லையென்றால் மெழுகுத் துணுக்குகள்தான் கிடைக்கும்.

அளவுக்கருவி விசித்திரமான எண் காட்டுகிறது

பல்கலைக்கழகத்தில் துகள் அளவு பார்க்கும் கருவிக்கு மாதிரியைக் கொடுத்து 900 நானோமீட்டர், சிதறல் எண் (பைகளின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் குறி) 0.7 என்று வந்ததும் மனம் உடைந்து போகிறார்கள். கலவையைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள். மாதிரியை எதில் நீர்த்தீர்கள்? வெறும் நீரில் நீர்த்தால் எத்தனால் அளவு சட்டென்று விழுந்து பைகள் மாறிவிடும். அதே எத்தனால்-நீர் விகிதத்தில், வடிகட்டிய திரவத்தில் நீர்க்க வேண்டும். அடுத்து, நிறம். பல கருவிகளில் உள்ளது 633 நானோமீட்டர் சிவப்பு லேசர். பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கி வேறு சிவப்பாகத் திருப்பி உமிழும். பச்சைச் சாறு போட்ட மாதிரியின் எண்ணை, வெறும் நுண்பையின் எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும். வெறும் நுண்பை 150 காட்டி, சாறு போட்டது 900 காட்டினால், உள்ளே வடிகட்டாத தூசியும் மெழுகும் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்.

உண்மையாகவே பெரிதாக இருந்தால் மீயொலிக் கருவி உதவும். பனிக்கட்டியில் வைத்து விட்டுவிட்டு இயக்குங்கள். இல்லையென்றால் சூடேறி எத்தனால் பறந்துவிடும், சாறும் கெடும். கருவியின் டைட்டானிய முனையிலிருந்து உதிரும் கருந்தூளை மையவிலக்கியில் சுழற்றி நீக்கிவிட வேண்டும். சிதறல் எண் 0.3க்குக் கீழே வந்தால் போதும். அதற்கு மேல் அழகுபடுத்துவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

உள்ளே ஏறிய அளவு 98 விழுக்காடு என்று வருகிறது

குறைவாக வந்தால் எல்லாரும் பதறுகிறார்கள். இவ்வளவு அதிகமாக வந்தால் கேக் வெட்டுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தரும்.

வழக்கமான முறை என்ன? மையவிலக்கியில் மிக வேகமாகச் சுழற்றி, பைகளை அடியில் இறக்கி, மேலே நிற்கும் தெளிநீரில் எவ்வளவு சாறு மிச்சம் என்று அளந்து, மொத்தத்தில் கழிப்பது. குர்க்குமின் மாதிரி நீரில் கரையாத பொருளுக்கு இந்தக் கணக்கு கண்ணைக் கட்டும். பையில் ஏறாமல் தூளாக விழுந்ததும் பைகளோடு சேர்ந்து அடியில்தான் போகும். மேலே ஒன்றும் மிஞ்சாது. எனவே எல்லாம் பையில் ஏறிவிட்டது என்று கணக்குச் சொல்லும். லெசித்தினே இல்லாத இரண்டாவது பாட்டிலையும் அதே வேகத்தில் சுழற்றிப் பாருங்கள். அதிலும் 95 விழுக்காடு உள்ளே ஏறியதாகக் கணக்கு வந்தால், இல்லாத பையில் எப்படி ஏறியது? முதலில் குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுழற்றிப் படிகங்களை மட்டும் நீக்கிவிட்டு, பிறகு பைகளை இறக்கி, அந்தப் பைகளை மெத்தனாலில் உடைத்து உள்ளே இருப்பதை நேரடியாக அளப்பதுதான் நம்பகமானது.

எதை அளக்கிறோம் என்பதும் கேள்விதான். வல்லாரைச் சாற்றை 270 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலாக அளந்து ஏசியாட்டிகோசைடு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஏசியாட்டிகோசைடு அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது. அதைக் காண 205 நானோமீட்டர் பக்கம் போக வேண்டும். அங்கே மற்ற எல்லாப் பொருளும் சேர்ந்து கத்தும் என்பதால், பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ நிறச்சாரல் பிரிப்பு (எச்பிஎல்சி) இல்லாமல் முடியாது. 270இல் தெரிந்தது பெரும்பாலும் பினாலிக் பொருள்கள். அதை அளப்பதில் தவறில்லை, பெயரைச் சரியாகப் போட வேண்டும். உடைக்காத நுண்பைக் கலவையை நேராக ஒளிமானியில் வைத்தால் வரும் எண், பால் நிறம் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் பொய் எண். வெறும் நுண்பையை ஒப்பீட்டுக்கு வைத்தால் இந்தப் பொய்யும் வெளியே வரும்.

சரி, உண்மையாகவே குறைவாக ஏறினால்? நீரில் நன்கு கரையும் பொருள் பையின் உள்நீரில் மட்டும்தான் தங்கும், அந்த உள்நீர் மொத்தத்தில் கொஞ்சம்தான். ஏசியாட்டிகோசைடை விட்டு அதன் சர்க்கரை நீங்கிய ஏசியாட்டிக் அமிலத்துக்குப் போகிறவர்கள் உண்டு. 488 டால்டன், கொழுப்பில் நன்கு ஒட்டும்.

நிறம் மாறுகிறது, சிக்கு வாடை வருகிறது

மஞ்சள் சேர்த்தது செம்பழுப்பாக மாறினால் காரத்தன்மை கூடியிருக்கிறது. பெரும்பாலும் ஜெல் ஆக்கச் சேர்த்த ட்ரைஎத்தனோலமீன் அதிகமாகிவிட்டது. குர்க்குமினுக்கு நடுநிலைக்கு மேலே ஆயுசு குறைவு. உடல் சூட்டில், பிஎச் 7.2 உள்ள ஃபாஸ்ஃபேட் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். பிஎச்சை 5.5க்கும் 6.5க்கும் இடையில் வையுங்கள். லெசித்தின் நீராற்பகுப்பில் சிதைவது மிகக் குறைவாக இருப்பதும் 6.5க்குப் பக்கத்தில்தான். வெளிச்சமும் குர்க்குமினுக்கு எதிரி என்பதால் பழுப்புக் கண்ணாடி பாட்டில் அவசியம்.

பழைய எண்ணெய் வாடை என்றால் லெசித்தினிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கின்றன. கழுத்து வரை நிரப்பி மூடுங்கள், சிறிதளவு வைட்டமின் ஈ சேருங்கள், இரும்பு, செம்புப் பாத்திரம் எதிலும் ஊற்றாதீர்கள். பிரிட்ஜில் வைக்கலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது, பனிக்கட்டி பைகளைக் கிழித்துவிடும். ஏற்கெனவே வாடை வந்ததை வாசனை எண்ணெய் ஊற்றி மறைப்பது சரியில்லை. ஆக்சிஜனேற்றப் பொருள்கள் தோலைச் சிவக்கவைக்கும். கொட்டிவிடுங்கள்.

ஜெல்லில் கலந்ததும் நீர்த்துப் போகிறது

கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போமர் என்ற பாலிமரின் ஜெல்லுக்குக் கெட்டித்தன்மை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் வருவது. சாற்றிலுள்ள உப்பு அதைக் குலைத்துவிடும். சாறு குறைவாக உள்ள கலவையில் கெட்டியாகவே நின்றால் இதுதான் காரணம். மின்னூட்டம் இல்லாத ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸுக்கு மாறினால் தலைவலி தீரும். மிக்சியில் போட்டு அடிக்க வேண்டாம், நுரைதான் மிஞ்சும்.

சோதனைக் கலத்தில் ஒன்றுமே தாண்டவில்லை, அல்லது எல்லாம் அரைமணியில் தாண்டிவிட்டது

தோலைத் தாண்டும் அளவைப் பார்க்கும் ஃபிரான்ஸ் கலத்தில் மேலே மருந்து, நடுவில் தோல், கீழே ஏற்பு நீர். கீழே 6 மணி நேரம் கழித்தும் பூஜ்யம் என்றால், தோலைக் குறை சொல்வதற்கு முன் தோலுக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். அடுத்து ஏற்பு நீர். நீரில் கரையாத குர்க்குமின் வெறும் உப்புக்கரைசலுக்குள் ஏன் இறங்கப் போகிறது? அதில் கொஞ்சம் எத்தனாலோ, ட்வீன் 80 என்ற பரப்பு இயங்கியோ சேர்த்து, இறங்கும் பொருள் கரைய இடம் கொடுக்க வேண்டும். அப்படி இறங்கியதும் பிஎச் 7.4இல், 37 டிகிரியில் சிதைந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தெரிந்த அளவு குர்க்குமினை ஏற்பு நீரில் போட்டு 6 மணி நேரம் வைத்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று தனியாக அளந்தால், பூஜ்யம் உண்மையா என்று தெரியும்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. மேல்பக்கத்தைப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தால் இறுக்கி மூடிவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர்சோமுக்கு உந்துவிசையே வறண்ட மேல்தோலுக்கும் ஈரமான உள்தோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று அதை உருவாக்கியவர்களே விளக்கியிருக்கிறார்கள். மூடிவைத்தால் மேலும் ஈரம் ஏறி அந்த வித்தியாசம் போய்விடும். ஒரே திட்டத்தில் டிரான்ஸ்ஃபர்சோமைத் திறந்தும் மூடியும் சோதித்து இரண்டையும் எழுதுங்கள். மூடாமல் விட்டால் எத்தனால் ஆவியாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாம் உடனே தாண்டிவிட்டால் தோல் கிழிந்திருக்கிறது. முடி மழிக்கும்போது கீறியிருக்கலாம், அல்லது பலமுறை உறையவைத்து உருக்கியிருக்கலாம். சோதனைக்கு முன் மின்தடை பார்த்தால் கிழிந்த துண்டு தெரிந்துவிடும். மனிதத் தோலுக்குப் பக்கத்தில் வருவது பன்றிக் காதுத் தோல் என்றாலும், இங்கே எல்லா ஆய்வகத்திலும் அதைக் கொண்டுபோக முடியாது. உடன் வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், செயற்கைப் படலமும் கிடைக்கிறது. டயாலிசிஸ் தாளை மாட்டிவிட்டுத் தோலைத் தாண்டியது என்று மட்டும் எழுதாதீர்கள். அது பையிலிருந்து வெளியேறும் வேகத்தைக் காட்டும், தோலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எண் நன்றாக வந்தாலும் இரண்டாவது பாட்டிலை அதே கலத்தில் ஓட்டியே ஆக வேண்டும். 30 விழுக்காடு எத்தனாலே மேலடுக்கின் கொழுப்பைத் தளர்த்திச் சாற்றை உள்ளே விடும். முழுக் கலவை தாண்டிய அளவும் வெறும் எத்தனால் கரைசல் தாண்டிய அளவும் ஒன்றாக இருந்தால், லெசித்தினுக்குக் கொடுத்த காசு வீண். பைகள் முழுசாகவே தோலுக்குள் புகுந்து போகின்றன என்று படம் வரைந்து போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பல சமயம் பை மேலடுக்கிலேயே கலைந்து அதன் கொழுப்பு தோல் கொழுப்போடு கலக்கிறது. ஒட்டுநாடாவை 15, 20 முறை ஒட்டி உரித்து ஒவ்வொன்றிலும் சாறு எவ்வளவு என்று அளந்தால், மேலடுக்கில் எவ்வளவு தங்கியது என்றாவது தெரியும். முகக் கிரீமுக்கு அதுவே போதுமான பலன்.

பூசியவருக்கு எரிகிறது, சிவக்கிறது

பால்மரம் சீவுகிறவர்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள். கத்திக் கீறல், பால் காய்ந்த தடம், பால் உறையவைக்கும் பார்மிக் அமிலம் பட்ட வெடிப்பு. "தம்பி, இதப் பூசினா மொளகா தடவுன மாதிரி எரியுதுப்பா" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. வெடித்த தோலில் எத்தனால் எரியத்தான் செய்யும். வெடிப்புக்கும் புண்ணுக்கும் எத்தோசோம் கூடவே கூடாது. நீரிழிவுக்காரர்களின் கால் புண் என்றால் எந்தக் கிரீமும் வேண்டாம், கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

வெடிப்போ புண்ணோ இல்லாத தோலிலும் சிவந்தால் மறுபடியும் மூன்று பாட்டில். முன்கையின் உள்பக்கத்தில் மூன்றையும் தள்ளித்தள்ளி ஒரு சொட்டு பூசி 48 மணி நேரம் பாருங்கள். வெறும் நுண்பையும் சிவந்தால் லெசித்தின் கெட்டிருக்கிறது, அல்லது வளைவுத்தன்மைக்குச் சேர்த்த சோடியம் கோலேட் போன்ற பொருள் அதிகம். சாறு உள்ள இரண்டும் மட்டும் சிவந்தால் மூலிகையே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வல்லாரைக்குத் தொடு ஒவ்வாமை வருவது அபூர்வம்தான், ஆனால் பதிவாகியிருக்கிறது. நுண்பை சாற்றை ஆழமாகக் கொண்டுபோகிறது என்றால் ஒவ்வாமைப் பொருளையும் அப்படித்தான் கொண்டுபோகும்.

விற்கப் போகிறேன், லேபிளில் என்ன போடுவது?

பிழை இல்லை என்றாலும் கேட்கிறார்கள். மலேசியாவில் அழகுப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவித்தாக வேண்டும். 2008 முதல் இந்த அறிவிப்பு முறைதான். எக்ஸிமா குணமாகும், மூட்டுவலி போகும் என்று லேபிளில் எழுதிய நிமிடமே அது அழகுப்பொருள் இல்லை, மருந்துக்கான பதிவு வேண்டும். நானோ என்ற சொல்லை அளந்து பார்க்காமல் போடாதீர்கள். எத்தனால் எங்கிருந்து வந்தது என்று ஹலால் பார்க்கும் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், விற்றவரிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிப்பான் அடைத்துக்கொள்கிறது

முனையில் எத்தனால் ஆவியாகி லெசித்தின் பசையாகக் காய்ந்திருக்கிறது. முனையைக் கழற்றி எத்தனாலில் ஊறவைத்தால் விட்டுவிடும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தெளிப்புக்குப் பதில் ஒழுகும். திரும்பத் திரும்ப அடைத்தால் தெளிப்பானை விட்டுவிட்டுக் காற்றுப் புகாத பம்ப் பாட்டிலுக்கு மாறுங்கள், சிக்கு வாடையும் தள்ளிப்போகும்.